பின்னலுக்குள் எட்டுக் கால்

"அம்மா, சிலந்திக்கு இத்தனை கால் இருக்கே, எந்தக் காலை முதல்ல எடுத்து வைக்கும்?"

மகள் மழலை மாறாத வயதில் கேட்டது. அருங்காட்சியகத்தில் பூச்சி, சிலந்தி போன்ற கணுக்காலிகளை இனம் பிரித்துப் பெட்டிகளில் அடுக்குவது அம்மாவின் வேலை. "பூச்சிக்கு ஆறு கால்டி தங்கம். சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் எட்டுக் கால் குடும்பம்" என்று பாடம் நடத்தினாளே தவிர, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவள் நெஞ்சைப் பிறாண்டியது. நேற்றுக் காலை எழுந்த மகளால் கால் ஊன்ற முடியவில்லை. மாலைக்குள் இடுப்பு துவண்டது. இன்று கையும் விழுந்துவிட்டது. எச்சில் விழுங்கவே திணறுகிறாள்.

"மூச்சு சோர்ந்துட்டா குழாய் வைக்கணும்மா" என்றார் டாக்டர். "நரம்பு நோய்னுதான் தோணுது. எதுவும் கடிக்கலைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதுல உங்களுக்குத் தெரியாததா?"

சொன்னது உண்மைதான். போன வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு புல்வெளியில் பூச்சி பிடிக்க வலை வீசப் போனாள். திரும்பியதும் அக்குள், முழங்கால் மடிப்பு, காது மடல் என்று உண்ணி தேடினாள். ஒன்றும் இல்லை. அந்த ஒரு சொல்லை நம்பி டாக்டரும் மேலே தேடவில்லை.

"கடவுளே, என் கை காலை எடுத்துக்கோ" என்று கட்டில் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் நினைவில்லாமல் கிடக்கும் தன் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எழுந்து வந்தாள். கையில் சீப்பு.

"நகரு கண்ணு. புள்ளை தலை சிக்குப் பிடிச்சுக் கிடக்கு."

"இப்பப் போய் தலையாக்கா?"

"நாளைக்கு எழுந்து கண்ணாடி பார்த்தா நம்மளைத்தான் திட்டும். எங்க மாமியாருக்குத்தான் சீவ நேரமில்லை. பேச்சு வந்தா அதுக்கே என்னை வறுத்து எடுத்துடுவாங்க."

இறுகிய இரட்டைப் பின்னலை அக்கா நிதானமாக அவிழ்த்தாள். சீப்பு ஓரிடத்தில் தட்டி நின்றது.

"ஏம்மா, பின்மண்டையில மரு இருக்கா?"

அம்மா குனிந்தாள். ஆமணக்கு விதைபோல் உப்பிய சாம்பல் உடம்பு. தோலோடு ஒட்டிய சின்னஞ்சிறு கால்கள். எட்டு.

உண்ணி!

சில பெண் உண்ணிகள் ரத்தம் குடிக்கக் குடிக்க, எச்சிலோடு இறங்கும் நஞ்சு காலிலிருந்து மேலே ஒவ்வொன்றாக முடக்கும்; உண்ணியை எடுத்துவிட்டால் தானே விலகும். படித்தவள்தான். அன்று வேலைக்கு நேரமாகிறதென்று பின்னலை மட்டும் அவிழ்த்துத் தேடாமல் விட்டவளும் அவள்தான்.

"டாக்டர்!" என்று அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. நர்ஸ் இடுக்கி கொண்டு வந்தாள். அம்மா அதை வாங்கிக்கொண்டாள். அக்கா அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். வயிற்றை நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, மெதுவாக அம்மா இழுத்தாள். முழுசாக வந்தது.

அப்புறம் காத்திருப்புதான். குழாயைத் தயாராக வைத்துக்கொண்டு டாக்டர் அங்கேயே நின்றார். அம்மா மகளின் மூச்சை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. ஜெபம்கூடப் பாதியில் அறுந்து அறுந்து போயிற்று.

விடிந்தபோது மகளின் கட்டைவிரல் அசைந்தது. மறுநாள் மதியம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "எந்தக் காலைம்மா முதல்ல வைக்கட்டும்?" என்றாள்.

"உனக்கு எது வருதோ அதை வைடி" என்று அம்மா இரண்டு கைகளையும் நீட்டினாள்.

சாப்பிட்டதும் மகள் தூங்கிவிட்டாள். அக்கா நாற்காலியில் வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அவள் பையிலிருந்து சத்தமில்லாமல் சீப்பை எடுத்தாள். கண் மூடிக் கிடந்த மாமியாரின் தலையை மடியில் சாய்த்து, முடிச்சு முடிச்சாக, வலிக்காமல் சிக்கெடுத்தாள். தளர்வாகப் பின்னி, நுனியில் தன் ரிப்பனைக் கட்டினாள்.

சீப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு மகளிடம் திரும்பினாள்.