14-சி-யின் பிரியாணி

எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் ராஜலக்ஷ்மி விடமாட்டாள். போண்டா சுற்றி வந்த தாளைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிப்பாள். "பாடத்தைப் படிடின்னா பொட்டலத்தைப் படிக்கிறா" என்று திருப்பத்தூரில் அம்மா திட்டாத நாளில்லை. அந்தக் குணம்தான் பெங்களூரில் அவளுக்குக் கைகொடுத்தது.

கடைசிச் சுற்றில் சீட் கிடைத்து அவள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது வகுப்பு தொடங்கி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. விடுதியில் ஒரு கட்டில்கூட மிச்சமில்லை. ஸ்ரீராம்புரத்தில் சித்தப்பா வீட்டில் ஒண்டிக்கொண்டாள். ஒற்றை அறை வீடு, ஏற்கெனவே ஐந்து பேர். இவள் வந்த நாளிலிருந்து சித்தப்பா வெளியே சந்தில் பாய் விரித்தார். பாவம், முகம் சுளிக்கவில்லை, ஆனால் இருமல் பிடித்துக்கொண்டது. அப்பா போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"திங்கக்கெழம சாயங்காலம் வரைக்கும் பாரு. ரூம் கெடைக்கலன்னா பஸ் ஏறி வந்துடு. இங்கயே ஏதாவது காலேஜ்ல சேந்துக்கலாம்."

அந்த 'ஏதாவது' எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

தினமும் வகுப்பு முடிந்ததும் விடுதி அலுவலகத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வார்டன் பிரிஸில்லா நல்ல மனுஷிதான். பதில் மட்டும் மாறாது. "ஃபுல்லும்மா. கட்டில் என்ன, நான் செஞ்சா குடுக்க முடியும்?"

பெஞ்சுக்குப் பக்கத்துச் சுவரில் மெஸ் தாள் தொங்கியது. வேறென்ன, அதையும் படித்தாள். கைரேகை மெஷின் கெட்டுப்போனதிலிருந்து அந்தத் தாள்தான் விடுதிக்கு வருகைப் பதிவேடு. சாப்பிட்டு முடித்தவள் தன் கட்டில் எண்ணுக்கு நேரே வெஜ், நான்-வெஜ் என்ற கட்டங்களில் ஒன்றில் டிக் போட வேண்டும். வாரம் முழுக்க ஒரு டிக்கும் இல்லையென்றால் வார்டன் திங்கள் காலையில் வீட்டுக்கே போன் போட்டுவிடுவார்.

எல்லா வரிசையும் கிறுக்கலாக நிறைந்திருக்க, 14-சி மட்டும் மொட்டையாகக் கிடந்தது. அடியில் தொங்கிய பழைய தாள்களைப் புரட்டினாள். நாலு வாரமும் இதே கதை, ஞாயிறு மதியம் மட்டும் நான்-வெஜ்ஜில் ஒரே ஒரு டிக். யாரடி இவள், பிரியாணிக்கு மட்டும் பசிக்கிறவள்?

வார்டனிடம் கேட்டாள்.

"லோக்கல்ல யாராவது சொந்தக்காரங்க வீட்ல சாப்பிடுவாளா இருக்கும்" என்றார் பிரிஸில்லா. "டிக் இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம். பேரை எப்படிம்மா அடிக்கிறது?"

மறுபடி போய்ப் பழைய தாள்களைப் பார்த்தாள். ஊரே நீலப் பேனாவில் டிக் போட, 14-சி மட்டும் பச்சை ஸ்கெட்ச் பேனா. அந்தப் பச்சை விடுதியில் இன்னும் ஒரே இடத்தில்தான் இருந்தது. மெஸ் வாசலில் 'இன்றைய சாப்பாடு' என்று எழுதிய பலகையில். அதை எழுதுபவர் சமையல்காரர் உத்தமன். ராஜலக்ஷ்மிக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது.

ஞாயிறு மதியம் பெஞ்சில் காவல் இருந்தாள். பிரியாணி வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் வீட்டில் முட்டைகூட வாங்கமாட்டார்கள். இரண்டரை மணிக்குக் கூட்டம் கலைந்தது. கையில் மஞ்சள் பையுடன் உத்தமன் வந்தார். பைக்குள் ஒரு தூக்கு. பேனாவின் மூடியைக் கழற்றித் தாளை நெருங்கினார்.

"14-சி சாப்பாடாண்ணா?"

மனிதருக்கு முகம் வெளிறிப்போனது. "மெதுவா பேசும்மா" என்றார். "அந்தப் பொண்ணுக்கு வேற காலேஜ் கெடச்சு ரெண்டாவது வாரமே போயிடுச்சு. ரூம்ல இருக்கிற ரெண்டு பேரும் பொட்டி வெக்க கட்டில் கெடச்சுதேன்னு கம்முனு இருந்துட்டாங்க. எம் பொண்ணுக்கு இந்தப் பிரியாணின்னா உசுரு. சாப்பாட்ட வெளிய எடுத்துப் போகக் கூடாதுன்னு ரூல்ஸ். டிக் இருந்தா யாரும் கேக்கமாட்டாங்க. மேடம்கிட்ட சொன்னியானா என் வேலை காலி."

திருடனைப் பிடிக்க வந்தவளுக்கு இப்போது அழுகை வந்தது. "சொல்லமாட்டேண்ணா. ஆனா நாளைக்கு சாயங்காலம் நான் பஸ் ஏறணும். எனக்கு அந்தக் கட்டில் வேணும். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். டிக் மட்டும் போடாதீங்க."

உத்தமன் தாளைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, தூக்கோடு உள்ளே திரும்பி நடந்தார். அண்டாவில் பிரியாணியைத் திரும்பக் கொட்டும் சத்தம் கேட்டது. ராஜலக்ஷ்மிக்கு மனசு தாங்கவில்லை. பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணா, நான் சுத்த வெஜ்ஜு."

அவர் கரண்டியோடு நிமிர்ந்தார். "அதுக்கு?"

"நான் 14-சி-க்கு வந்துட்டா, ஞாயித்துக்கெழம பிரியாணி எனக்கு வேணாம். தயிர்சாதம்தான் எல்லாருக்கும் பொதுவா இருக்கே, அது எனக்குப் போதும்."

திங்கள் காலையில் வார்டன் போன் போட்டார், பேரை அடித்தார். மதியம் ராஜலக்ஷ்மி பெட்டியோடு வந்து, கட்டிலில் கிடந்த இரண்டு பெட்டிகளைக் கீழே இறக்கினாள். அன்றிரவு சித்தப்பா வீட்டுக்குள் படுத்தார்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் பிரிஸில்லா தாளைக் கழற்றியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஏம்மா ராஜலக்ஷ்மி, முட்டைகூட ஆகாதுன்னு ஃபார்ம்ல எழுதிக் குடுத்தே. இங்க நான்-வெஜ்ல டிக் போட்டிருக்கே?"

மெஸ்ஸுக்குள்ளே உத்தமன் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

"வாரத்துல ஒரு நாள்தான் மேடம்" என்றாள் ராஜலக்ஷ்மி. "எங்க அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

பாத்திரங்கள் மறுபடி உருளத் தொடங்கின.