அத்தையின் சேவ் ஃபோல்டர்

அத்தையின் இடது கணுக்காலுக்கு மாவுக்கட்டு போட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. அந்த ஐந்து வாரத்தில் அவர் பதினோரு மாலுமிகளைக் காப்பாற்றியிருந்தார். பன்னிரண்டாவது ஆள், கப்பலின் சமையல்காரன், இன்னும் கடைசித் தீவில் ஒரு கூண்டுக்குள் கிடந்தான்.

எல்லாம் கணினியில்தான். திரைச்சீலைக் கடையில் நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவர், படியில் வழுக்கி விழுந்து வீட்டோடு முடங்கியதும், பேச்சுக் கொடுக்கிற எல்லோர் மேலும் எரிந்து விழ ஆரம்பித்தார். மகள்தான் கணினியைப் பழைய வீடியோ கேம் பெட்டிபோல நடிக்க வைக்கும் எமுலேட்டர் என்ற ஒன்றை இறக்கி, அதில் ஒரு கப்பல் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு விமான நிலையத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். மற்றதெல்லாம் அவள் கணவன் தலையில் விழுந்தது.

அவன் மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவன். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒரு முறை கிழியாமல் உருவிவிட்டதால் அந்த வீட்டின் கணினி வல்லுநர் ஆனவன். சொந்த வீட்டில் குழாய் வெடித்துத் தரை முழுவதும் பெயர்ந்துவிட, மூன்று மாதமாக மாமனார் வீட்டில் இருந்தான். ஆகவே அங்கே யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டினான்.

சிக்கலைத் தொடங்கி வைத்தவர் மாமா. ஒரு நாள் ‘சும்மா பாக்கறேன்’ என்று அதே விளையாட்டில் உட்கார்ந்து, கப்பலைப் பாறையில் மோதி, மோதிய நிலையிலேயே சேவ் செய்துவிட்டார். விட்ட இடத்திலிருந்து தொடர அத்தை பதிந்து வைத்திருந்த சேவ் இருந்த அதே இடத்தில். நான்கு மாலுமிகள் மறுபடி கடலுக்குள் போனார்கள். அவர்களை மீட்டு முடிக்கும்வரை அத்தை மாமாவிடம் பேசவில்லை. மீட்டு முடித்த பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை, கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்துல இவர்கிட்ட எனக்குன்னு ஒரு அலமாரி கூடக் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன். என்னோட சேவ் தனியா ஒரு எடத்துல இருக்கணும். வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கறாங்க. சனிக்கிழமை கடைக்குப் போயிடுவேன், அப்புறம் எங்க நேரம்? அதுக்குள்ள அந்தச் சமையல்காரனை வெளிய கொண்டு வந்தாகணும்.”

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை உட்கார்ந்தான். எமுலேட்டரில் அமைப்புகள் என்ற பக்கத்துக்குப் போய், சேவ் எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்று காட்டிவிட்டால் போதும். இரண்டு நிமிட வேலை. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் அமர்ந்ததால் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

மாமா ஒரு பெரிய மருத்துவமனையின் ஆவண அறையில் முப்பத்தோரு வருடம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை. அவர் காலத்தில் ஒரு கோப்புகூட நேரத்துக்குக் கைக்கு வந்ததில்லை என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

“எடுத்த எடுப்புல அத்தை பேர்ல ஃபோல்டரா?” என்றார் மாமா. “மேலேர்ந்து படிப்படியா எறங்கணும் மாப்பிள்ளை. மொதல்ல ‘நடப்பு’ன்னு போடுங்க. அதுக்குள்ள ‘உள்நோயாளிகள்’. அதுக்குள்ள ‘பெண்கள்’. அதுக்குள்ள ‘எலும்பு’.”

“மாமா, இது விளையாட்டோட சேவ்.”

“விளையாடறது யாரு? கால் ஒடைஞ்சவதானே? போடுங்க.”

சோபாவில் கால் நீட்டியிருந்த அத்தை, “எந்த வார்டுல வேணா சேத்துக்கட்டும். பிணவறையில போடாம இருந்தா சரி,” என்றார்.

ஒன்பதாவது ஃபோல்டரில், அத்தனை பெயர்களும் சேர்ந்த பாதை அளவுக்கு மீறி நீளம் என்று எமுலேட்டரே முரண்டு பிடித்தது. மாமா பெரிய மனது பண்ணி ‘இடது கணுக்கால்’ என்பதை ‘இ.க.’ என்று சுருக்கச் சம்மதித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, “இதுக்கு நகல் ஏதாச்சும் எடுத்து வெச்சுக்கலாமா?” என்று கேட்டார்.

“தாராளமா மாமா. நகல் இருக்கறது எப்பவுமே நல்லது.”

இதைச் சொல்லாமல் அவன் வாயை மூடிக்கொண்டு எழுந்திருக்கலாம்.

திங்கட்கிழமை மதியம், கடையில் ஒருவருக்கு இருமல் மருந்தின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“ஒழிச்சுக் கட்டிட்டேன் மாப்பிள்ளை.”

“யாரை அத்தை?”

“ஆக்டோபஸை. இருபத்தாறாவது தடவை.”

கடைசித் தீவுக்குக் காவல் இருந்தது அந்த ஆக்டோபஸ்தான். அதைத் தாண்டினால் ஒரு குகை, குகையின் அந்தக் கோடியில் கூண்டு. அத்தை பாதிக் குகை வரை போய், சேவ் செய்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை ஆக்டோபஸ் எட்டுக் கால்களோடும் காத்திருந்தது. வெட்டினால் முளைக்கிற ஜாதி போலிருக்கிறது என்று அத்தை நினைத்துக்கொண்டார். அன்றைக்கு ஒன்பது தடவையில் சாய்த்தார். புதன்கிழமை மூன்றே தடவையில். இரண்டு நாளும் பாதிக் குகை, சேவ், தூக்கம்.

வியாழக்கிழமை மருந்துக் கடைக்கு வார விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்து கணினி முன் உட்கார்ந்த அத்தை, மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“இதைச் செஞ்சவனுக்கு மனசாட்சியே கெடையாதா மாப்பிள்ளை? மூணு நாளாக் கொல்றேன். இன்னைக்கும் குத்துக்கல்லாட்டம் நிக்குது.”

ஒரு தடவை கொன்றால் கொன்றதுதான், விளையாட்டுகளில் செத்தவை அப்படி எழுந்து வருவதில்லை. மாப்பிள்ளை மௌஸைத் தன் பக்கம் இழுத்தான். நடப்பு, உள்நோயாளிகள், பெண்கள் என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து ‘இ.க.’வுக்குள் இறங்கினான். சேவ் கோப்பின் மேல் ஞாயிற்றுக்கிழமை தேதி இருந்தது. மூன்று நாள் விளையாட்டு அங்கே நடந்த சுவடே இல்லை.

மாமா வராந்தாவில் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, அத்தையோட ஃபோல்டரை நீங்க தொட்டீங்களா?”

“தொடாம எப்படி? தெனம் அஞ்சு மணிக்குத் தொடறேன்.” பக்கத்திலிருந்த நீளமான பதிவேட்டைத் திறந்து காட்டினார். மூன்று வரிகள், மூன்று கையெழுத்துகள். “அசல் என்னைக்கும் அறையை விட்டு வெளிய போகக் கூடாது மாப்பிள்ளை. கேக்கறவங்களுக்கு நகல்தான். சாயங்காலம் நகலைத் திரும்ப வாங்கி அழிச்சுடணும். ஞாயித்துக்கிழமை எடுத்த அசல் என்கிட்ட பத்திரமா இருக்கு. அதுலேர்ந்து தெனம் ஒரு புது நகல் வெச்சுடறேன்.” குரலைத் தாழ்த்தினார். “உங்க அத்தை ஒரே நாள்ல அதுல என்னென்னமோ மாத்தி வெச்சுடறா.”

“அவங்க மாத்தறதுதான் மாமா விளையாட்டு.”

மாமா யோசித்தார். யோசித்தும் பிடிபடவில்லை.

“அழிச்சதெல்லாம் கணினியோட குப்பைத் தொட்டியிலயாவது இருக்குமா மாமா?”

“அதையும் காலி பண்ணிட்டேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.”

எப்படிச் சொல்வது என்று மாப்பிள்ளை தவித்துக்கொண்டிருக்கையில், ஊன்றுகோல் வாசற்படியில் தட்டியது. அத்தை முழுவதையும் கேட்டிருந்தார்.

“என்கிட்டேர்ந்து மூணு நாளை அழிச்சிருக்கீங்க. அந்த மூணு நாளைத் திருப்பிக் குடுங்க.”

“எப்படிம்மா குடுக்கறது?”

“ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்க. கட்டுப் பிரிக்கறதைத் திங்கக்கிழமைக்குத் தள்ளச் சொல்லுங்க.”

“முப்பத்தோரு வருஷத்துல நான் ஒரு தேதியைத் தள்ளினதில்ல.”

“அப்ப நீங்களே வந்து ஆக்டோபஸைக் கொல்லுங்க.”

மாமா ஜன்னல் வழியாகக் கணினித் திரையைப் பார்த்தார். எட்டுக் கால்களும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. போனை எடுத்தார்.

“முன்னாள் கண்காணிப்பாளர் பேசறேன். நாளைக்கு எலும்புப் பிரிவுல ஒரு தேதி... ஆமா, தள்ளணும். காரணமா?”

வீக்கம் என்று அத்தை வாயசைத்துக் காட்டினார். மாமாவால் பொய் சொல்ல முடியவில்லை.

“ஆவணப் பிழை,” என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். “யாரோட பிழைன்னா, பொறுப்பாளரோட பிழைதான். எழுத்துல வேணுமா? சரியான கேள்வி தம்பி. அந்த விதியைப் போட்டவனே நான்தான்.”

போனை வைத்துவிட்டுக் கடிதம் எழுதப் போனார். விளிம்பு விட்டு, பொருள் என்று தலைப்பிட்டு, அடிக்கோடு இழுத்து.

உள்ளே மாப்பிள்ளை எமுலேட்டரைத் திறந்து பழைய பாதையை அழித்தான். “புதுசா என்ன பேர் வெக்கட்டும் அத்தை?”

“‘தொடாதீங்க’ன்னு வைங்க.”

‘தொடாதே’ என்றால் எழுத்துக் குறையும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். கணவரை மரியாதை இல்லாமல் பேசிப் பழக்கமில்லை என்றார் அத்தை.

பிறகு விளையாட உட்கார்ந்தார். ஆக்டோபஸ் முதல் கால் தூக்குவதற்குள் எந்தக் கால் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரே தடவை, நான்கு நிமிடம். குகையின் முதல் பாதி மூன்று நாளாக நடந்து நடந்து சமையலறைபோல ஆகியிருந்தது, விளக்கே தேவைப்படவில்லை. மீதிப் பாதியில் இரண்டு தடவை விழுந்து எழுந்தார். நாலே முக்காலுக்குக் கூண்டு திறந்தது. சமையல்காரன் வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி, கப்பலில் ஏறினான். அத்தை சேவ் செய்தார். ‘தொடாதீங்க’வுக்குள் இன்றைய தேதியோடு கோப்பு விழுந்ததை மாப்பிள்ளை இரண்டு முறை திறந்து பார்த்துச் சொன்னான்.

அத்தை நாற்காலியில் சாய்ந்து, மாவுக்கட்டுக்குள் பென்சிலை விட்டுச் சொறிந்துகொண்டார்.

அந்த நேரத்தில் மாமா கடிதத்தோடு உள்ளே வந்தார். ஒன்றரைப் பக்கம், பிழை எப்படி நேர்ந்தது என்பதன் விளக்கம் இணைப்பாக.

“திங்கக்கிழமைக்கு மாத்திக் குடுத்துட்டாங்க. இதை அனுப்பினாப் போதும்.”

“வேண்டாம், நாளைக்கே பிரிச்சுடலாம்,” என்றார் அத்தை. “அவன் வந்துட்டான்.”

மாமா கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். போட்ட மனுவைச் சும்மா கிழித்துப் போடுவது முறையல்ல, அதை ரத்து செய்யத் தனியாக ஒரு மனு வேண்டும். அவர் முகம் மெல்லத் தெளிந்தது. “மாப்பிள்ளை, இன்னும் ரெண்டு வெள்ளைத்தாள் இருக்கா பாருங்க,” என்றார்.