மூன்றாவது தண்ணீர்

ஸுபைரா செம்பைக் கையில் எடுத்ததுமே பெண்கள் பக்கம் குசுகுசுப்பு கிளம்பிவிட்டது. கொல்லையில் நாலு பக்கமும் சீலை கட்டி மறைத்த இடத்தில், தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில், பலகை மேல் அவளுக்கு மூத்தவளான பலீலா ராத்தாவின் ஜனாஸா கிடந்தது. தலைமாட்டில் நின்ற பலீலாவின் மகள் ஜெனீராவுக்கு அழுகையையும் மீறி ஒரு படபடப்பு. உம்மாவைப் பறிகொடுத்த நாளில் இப்படியொரு பரபரப்பு தகுமா என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"புத்தியோடதான் பேசுறியா ஜெனீரா?" என்றாள் ஸல்மா. பதுளை டவுனில் மையத்துக் குளிப்பாட்ட முதலில் அவளுக்குத்தான் ஆள் போகும். "ஒன்ட சாச்சி உளு எடுக்கப் போனா லுஹர் தொழுகை நேரம் போய் அஸராகிப் போகும். அவட கையில குடுத்தா இன்னைக்கு அடக்கினாப்லதான்."

"உம்மா செல்லிட்டுப் போயிக்கிறா மாமி. தங்கச்சிதான் குளிப்பாட்டணுமாம்."

ஸல்மா சொன்னதில் பொய் இல்லை. ஸுபைராவின் நோய் ஊரறிந்தது. தொழுகைக்கு உளு எடுக்க உட்கார்ந்தால், கை நனைந்ததா, கால் விட்டுப்போனதா என்று கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவுவாள். தோல் வெடித்து ரத்தம் கசிந்தாலும் நிறுத்த மாட்டாள். ஜின் என்று நூல் கட்டினார்கள், சாம்பிராணிப் புகையில் இரும வைத்தார்கள், ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீரை விட முடியாதவளுக்கு மேலும் தண்ணீர், நல்ல வைத்தியம்தான். கடைசியில் ஜெனீராவின் வாப்பா ஹாஷிம், கொழும்பில் பைத்தியங்களை வைக்கும் இடத்துக்கு அனுப்பிவிடலாமென்று மாட்டுவண்டியும் பேசி வைத்தார். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் காலம் அது.

வந்த வண்டியைப் பலீலா திருப்பி அனுப்பினாள். பள்ளிவாசல் லெப்பையிடம் போய்க் கேட்டாள். "இது ஜின்னில்ல, வஸ்வாஸ்" என்றார் அவர். "மனசு கேக்கிற கேள்விக்குப் பதில் குடுக்கக் குடுக்க அது வளரும். காதுல விழாத மாதிரி எழும்பிப் போகணும்."

சொல்வது சுலபம். பலீலா அதைச் செய்ய வைத்தாள். உளுவுக்கு ஒரு செம்புத் தண்ணீரோடு தங்கச்சி பக்கத்தில் குந்திக்கொள்வாள். தீர்ந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழும்புவாள். "போதுமா ராத்தா?" என்று இவள் நடுங்கினால், "பாவம் வந்தா ஏன்ட கழுத்துல" என்பாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஸுபைரா அடுப்படிவரை வந்தாள், கறி ஆக்கினாள், ஜெனீராவைப் பகிடி பண்ணிச் சிரிக்கவும் செய்தாள். இப்போது அதைச் சொல்லும் வாய், தாடையோடு சேர்த்துத் துணியால் கட்டப்பட்டிருந்தது.

ஜனாஸாவுக்கு மூன்று தண்ணீர்; முதலாவது இலந்தை இலை போட்டது. ஸுபைரா வலது பக்கம் ஊற்றினாள், இடது பக்கம் ஊற்றினாள், போர்வைக்குள் கை விட்டு மெதுவாகத் தேய்த்தாள். இரண்டாவதும் முடிந்தது. முடித்துவிடுவாள், சாச்சி முடித்துவிடுவாள் என்று ஜெனீராவுக்கு உள்ளுக்குள் குதியாட்டம்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" சீலைக்கு அப்பாலிருந்து ஹாஷிம் குரல் கொடுத்தார். "நமுனுகுல மலைப் பக்கம் கறுத்திட்டு. குழிக்குள்ள தண்ணி நிக்கப் போகுது."

மூன்றாவது, கற்பூரத் தண்ணீர். தலையிலிருந்து கால்வரை ஊற்றி முடித்துச் செம்பைக் கீழே வைக்கப் போன ஸுபைரா அப்படியே நின்றுவிட்டாள்.

"காதுக்குப் பின்னால நனைஞ்சிச்சா?"

அவள் ராத்தாவின் முகத்தையே பார்த்தாள். பழக்கம் அப்படி. பதில் வரும்வரை பார்ப்பாள்.

ஸல்மாவுக்கே மனது இளகிவிட்டது. "அதுக்கென்ன, இன்னும் ரெண்டு தரம் ஊத்துங்க. அஞ்சாகட்டும், குத்தமில்ல."

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் ஜெனீராவுக்குத் தெரியும். அஞ்சு ஏழாகும், ஏழு ஒன்பதாகும், பிறகு பீப்பா காலியாகும்வரை நிற்காது. நாளைக்கே வாசலில் வண்டி வந்து நிற்கும். உம்மாவின் சொல் அவளுடைய நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இனி ஆயுளுக்கும் அதைத் தானே சொல்லிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை என்று வாயைத் திறந்தாள்.

"வாணாம் மகள்." ஸுபைரா திரும்பாமலே தடுத்தாள். "நீ செல்ல வாணாம்."

பீப்பாவில் தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது. அவள் அதை ஒருமுறை பார்த்தாள்.

"பாவம் ஏன்ட கழுத்துலயே ஈக்கட்டும்" என்றாள். "துவாயத் தா."

ஜெனீரா நீட்டிய துவாயை வாங்கி, ராத்தாவின் தலையை இடது கையால் ஏந்தி, முதலில் காதுகளுக்குப் பின்னால் ஈரம் போகத் துடைத்தாள். ஜெனீரா, சுற்றி அடக்கும் வெள்ளைக் கபன் துணியை விரிக்கத் தொடங்கினாள்.