கையெழுத்து போட வேண்டிய இடம்

எட்டாக மடித்த கடிதத்தைத் தையல்காரி மேசைமேல் பிரித்து வைத்தாள். அவள் வீட்டுக்கு இணைய இணைப்பு கொடுத்திருக்கும் கம்பெனிதான் அந்தக் கடிதத்தை அவளுக்கு அனுப்பியிருந்தது. எழுதியது ஒரு படக் கம்பெனி. இந்த இணைப்பில் எங்கள் படத்தைத் திருட்டுத்தனமாக இறக்கியிருக்கிறார்கள், இணைப்புக்காரரின் பெயரும் முகவரியும் வேண்டும் என்று கேட்டிருந்தது.

இறக்கியது அவள்தான். ஊரே செய்கிறது, நமக்கென்ன என்று மகளுக்காக இறக்கினாள். திருடி என்று திட்டினால்கூட வாங்கிக்கொள்வாள். பயமெல்லாம் முகவரியைப் பற்றித்தான். அடித்துத் துவைத்த புருஷனிடமிருந்து மகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்து மூன்று வருடம் ஆகிறது. அவன் இன்னும் தேடுவதை விடவில்லை. ஒரு காகிதத்தில் முகவரி ஏறிவிட்டால் அது எத்தனை கை மாறும் என்று யாருக்குத் தெரியும்?

“குடுத்துட்டீங்களா சார்?”

இணைப்புக் கம்பெனியின் புகார்ப் பிரிவு குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “கோர்ட் உத்தரவு இல்லாம ஒரு எழுத்துகூடக் குடுக்க மாட்டோம்மா. லெட்டர உங்ககிட்ட சேத்துட்டோம்னு மட்டும் அவங்களுக்குச் சொன்னோம்.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நீங்க நல்லா இருக்கணும் சார்” என்று சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

“நல்லாதான் இருக்கேன். என் தம்பி சினிமாவுல லைட் தூக்குறவன். எல்லாரும் இப்படி ஓசியில பாத்தா அவன் வீட்டுல அடுப்பு எரிய வேணாமா?”

அவள் தலை குனிந்தாள். அங்கேயே செல்போனை எடுத்துப் படத்தை அழித்தாள். அவர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். “அழிச்சிட்டேன்னு எழுதுங்க. நாங்க அனுப்பிடுறோம்.”

அழித்துவிட்டேன், மன்னியுங்கள் என்று எழுதினாள். பேனா அதோடு நிற்கவில்லை. இங்கே வந்ததிலிருந்து வாய்விட்டுச் சிரிக்காத என் மகள் உங்கள் படத்தைப் பார்த்துத்தான் வயிறு வலிக்கச் சிரித்தாள். அடுத்த படத்துக்குத் தியேட்டருக்கே கூட்டி வருவேன். ரொம்ப நன்றி. இப்படிக்கு,

“அம்மா, அம்மா! பேரு!” குமாஸ்தா பாதி எழுந்துவிட்டார்.

பெயரின் முதல் எழுத்து விழுந்திருந்தது. “நான் இவ்ளோ கட்டிக் காத்தத நீங்களே தூக்கிக் குடுக்குறீங்களே” என்று தலையில் அடித்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் அலுவலக முத்திரையை மையில் இரண்டு தரம் ஒற்றி, அந்த ஒற்றை எழுத்தின்மேல் வைத்து, முழு பலத்தோடு அழுத்தினார்.