சைபர் நானூற்றுப் பதினேழு

எங்கள் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்துக்குப் புது டெலிபோன் பெட்டி வந்த நாளில் என்னைவிடச் சந்தோஷப்பட்ட ஆள் கிடையாது. கொழும்பிலிருந்து வந்த டெக்னீஷியன் அதைச் சுவரில் பொருத்தினான். பங்களா, தொழிற்சாலை, மருந்துக்காம்பரா, பிள்ளைக்காம்பரா என்று பதினாறு இடங்களுக்கு வயர் இழுத்தான். கடைசியில் என் மேசைக் கம்ப்யூட்டரை அந்தப் பெட்டியோடு இணைத்தான். இனி இதற்குப் பெயர் டேட்டா டெர்மினல் என்றான். எந்த டெலிபோன் எங்கே பேசலாம், எங்கே பேசக்கூடாது என்று இங்கே உட்கார்ந்து தட்டினால் போதுமாம். பின்னேரம் பூண்டுலோயா பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த அரைமணி நேரப் படிப்பில் நான் பெரிய எஞ்சினியர் ஆகிவிட்டேன்.

என் பெயர் கணேசமூர்த்தி. கம்ப்யூட்டர் கிளாக்கர். அப்பாவும் அம்மாவும் இதே தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்கள். நான் பிறந்தது தொழிலாளர் வீட்டு வரிசையில், எட்டாம் நம்பர் லயத்தில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், நான் செய்ததைக் கேட்ட பிறகு, இவன் எங்கிருந்தோ வந்தவன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

தோட்டத்து மேனேஜரான பெரிய துரை வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தமிழில் நாலைந்து வார்த்தைக்கு மேல் வராது. என்னோடு சிங்களத்தில்தான் பேசுவார். அவருடைய உத்தரவு சுலபமானது. பங்களாவும் அலுவலகமும் எங்கும் பேசலாம். மற்ற இடங்களிலிருந்து வெளியே பேச வேண்டுமானால் முதலில் நாலு இலக்க இரகசிய எண்ணை அழுத்த வேண்டும். யாருடைய எண், எந்த டெலிபோன், எந்த நம்பருக்கு, எத்தனை நிமிடம் என்று எல்லாம் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும்.

கைத்தொலைபேசி இருக்கிற காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். மருந்துக்காம்பராவும் பிள்ளைக்காம்பராவும் கீழ்ப் பிரிவில், ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. அங்கே எந்தக் கம்பனி சிக்னலும் எட்டிப் பார்க்காது. அவசரத்துக்கு வயர் டெலிபோனை விட்டால் வேறு கதி இல்லை.

பதினொரு பேருக்கு எண் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் ஏழு பேர் உத்தியோகத்தர்கள். அவர்களுக்குக் கண்டபடி நாலு இலக்கம் போட்டு, ஆளுக்கொரு கவரில் வைத்து ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். மற்ற நாலு பேரும் செக்ரோலில், அதாவது தினச் சம்பளப் பதிவேட்டில், பேர் உள்ள தொழிலாளர்கள். இரண்டு காவல்காரர்கள், ஒரு கங்காணி, பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்க்கிற ஜீவராணி. இவர்களுக்குப் புது நம்பர் கொடுத்தால் நாளைக்கே மறந்துபோய் வந்து என் உயிரை வாங்குவார்கள் என்று நானாக முடிவுகட்டினேன். அவர்களுடைய செக்ரோல் நம்பருக்கு முன்னால் ஒரு சைபரைப் போட்டேன். வேலை முடிந்தது. ஜீவராணியின் நம்பர் நானூற்றுப் பதினேழு.

செக்ரோல் நம்பர் இரகசியமா என்ன? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கொழுந்து நிறுக்கும்போது அதைத்தான் கத்துவார்கள். பிள்ளைக்காம்பராவுக்குப் போகுமுன் ஜீவராணி பதினாறு வருஷம் கொழுந்து எடுத்தவள். அவளுடைய நம்பர் தோட்டத்துக் காக்கைக்கும் தெரியும்.

அவள் அதை அன்றைக்கே கேட்டாள். தொழிலாளர்கள் அலுவலகத்துக்குள் வருவதில்லை. வெளியே ஜன்னல் ஓரம் நின்றுதான் பேசுவார்கள். அப்படி நின்றுகொண்டு, "ஏங்கய்யா, இது எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பர்தானுங்களே?" என்றாள்.

"ஒங்க நம்பர வச்சி யாரு என்ன செய்யப் போறாங்க?" என்றேன்.

சின்ன வயதில் அவளை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறேன். எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளித்தான் அவள் வீடு. மழைநாளில் என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து ஓடையைத் தாண்டிவிட்டவள். கிளாக்கர் ஆன பிறகு அந்த அக்கா எப்போது உதிர்ந்து போனது என்று எனக்கே தெரியாது. அவளும் ஐயா என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள்.

மார்ச் மாதம் பன்னிரண்டாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. ஆறு பெண்களைக் கொட்டியது. அவர்களில் அம்மாக்கண்ணு ஓட முடியாமல் வாய்க்காலில் விழுந்துவிட்டாள். முகம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவளை மருந்துக்காம்பராவுக்குத் தூக்கி வந்தார்கள். அம்புலன்ஸுக்கு உடனே சொல்லியாயிற்று. ஆனால் அது மேல் ரோட்டு வரைக்கும்தான் வரும். மழையில் மதகு இடிந்ததிலிருந்து கீழே இறங்காது. அந்த உடைப்பைத் தாண்டி அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க உயரச் சக்கரக் கொழுந்து லொறியால்தான் முடியும். லொறி பக்கத்திலேயே, கொழுந்தோடு நின்றது. டிரைவரும் இருந்தான். கொழுந்தைத் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு வரட்டும் என்று துரை சொன்னார். போய் வர ஒன்றரை மணி நேரம். மேல் ரோட்டில் அம்புலன்ஸ் காத்துக்கொண்டு நின்றது. கீழே அம்மாக்கண்ணு செத்துப்போனாள்.

லொறி பழுதாகிக் கிடந்தது என்று அறிக்கை போனது. அதை டைப் அடித்ததும் நான்தான்.

அடுத்த வாரம் அரசாங்கத் தொழில் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். லொறி எங்கே நின்றது, யார் என்ன சொன்னார்கள் என்று நேரம் உட்பட எல்லாம் கேட்டார். யாரோ விவரமாகச் சொல்லியிருக்கிறார்கள். துரைக்கு முகம் கறுத்துவிட்டது. அதிகாரி போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த அலுவலகத்துக்கு இங்கிருந்து யார் பேசியது? நாளைக் காலையில் எனக்குப் பேப்பர் வேண்டும்."

பேப்பருக்கு நாளை வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. டெர்மினலில் நாலு தட்டில் வந்துவிட்டது. புதன்கிழமை, காலை பத்து இருபது. பிள்ளைக்காம்பரா டெலிபோன். இரகசிய எண் சைபர் நானூற்றுப் பதினேழு. நாலு நிமிடம்.

ஜீவராணிக்கு அவ்வளவு துணிச்சலா என்று அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது பத்திநாதன் வந்தார். அவர்தான் மருந்துக்காம்பராவைப் பார்க்கிற உத்தியோகத்தர். அம்மாக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஒன்றரை மணி நேரமும் இருந்தவர். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"மூர்த்தி, அந்த டெலிபோன் கோல் நான் எடுத்தது."

நான் ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினேன்.

"என் நம்பர்ல எடுத்தா அடுத்த நிமிசம் தெரிஞ்சிரும். ஜீவராணி புள்ளைங்களுக்குப் பால் கரைக்கப் பின்னுக்குப் போயிருந்தா. அவ சைபரப் போட்டு செக்ரோல் நம்பர அழுத்துறதப் பாத்திருக்கேன், அந்த நேரம் கையில வந்தது அதுதான். எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பர், அத வச்சி அவளப் புடிக்க மாட்டாங்கன்னு நெனச்சிட்டேன்."

"இப்ப அவங்க தலையில விழுந்திருக்கு," என்றேன்.

"அதான் வந்தேன். நீங்க ஒன்னு மட்டும் சொன்னா போதும். அது செக்ரோல் நம்பர், தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும், அத வச்சி ஆளப் புடிக்க ஏலாதுன்னு சொல்லுங்க. அப்ப ஒருத்தர் பேரும் வராது."

நியாயமான பேச்சு. பொய்கூட இல்லை. சொல்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்து அமுக்கிவிட்டுப் போனார். நான் சொல்லத்தான் நினைத்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். ராத்திரி படுத்துக்கொண்டு, சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகூட அடுக்கி வைத்திருந்தேன்.

காலையில் துரையின் அறையில் நாங்கள் மூன்று பேர். துரை மேசைக்குப் பின்னால். நான் பக்கத்தில், கையில் பேப்பரோடு. ஜீவராணி கதவோரம். தலையில் போடும் கொங்காணியைக் கழற்றி மடித்து மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அலுவலகத்துக்குள் அவள் கால் வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

துரை என்னிடம் சிங்களத்தில் கேட்டார். "இந்த மெஷின் பிழை விடுமா?"

"இல்லை, சேர்."

"இந்த நம்பரை யாரிடம் கொடுத்தாய்?"

"இவர்கள் கையில்தான், சேர்."

இரண்டும் உண்மை. அதுவரைக்கும் நான் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. துரை பேப்பரில் இருந்த எண்ணை விரலால் தட்டி, அவளிடம் என்ன சொல்கிறாய் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

ஜீவராணி தமிழில் சொன்னாள். "நான் எடுக்கலீங்க. அது என் செக்ரோல் நம்பருங்க. பெரட்டுல தெனம் கூப்புடுற நம்பர். தோட்டத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும்ங்க. நான் அன்னைக்கே ஐயாகிட்ட கேட்டேனுங்க."

துரை என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறாள்?"

அந்த இடத்தில்தான் எல்லாம் இருந்தது. அவள் சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னால் போதும். அவள் தப்பிவிடுவாள். ஆனால் துரையின் அடுத்த கேள்வி எனக்கு வரும். எல்லாருக்கும் தெரிந்த நம்பரை இரகசிய எண்ணாகக் கொடுத்த மடையன் யார்? அடுத்த மாதம் ஹெட் கிளாக்கர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என் பெயர் போயிருந்தது. அதோடு தனிக் குவாட்டர்ஸ். நுவரெலியாவில் மகளின் படிப்பு. இவ்வளவும் ஒரே மூச்சில் என் தலைக்குள் ஓடியது. அடுக்கி வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"தான் பேசவில்லை என்று சொல்கிறாள், சேர்," என்றேன்.

"அவ்வளவுதானா? நிறையப் பேசினாளே."

"அவ்வளவுதான்."

தோட்டத்தில் வளர்ந்தவளுக்குச் சிங்களம் பேச வராவிட்டாலும் கேட்டால் விளங்கும். கடைவீதியில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் கேட்டுப் பழகின காது. நான் எதை விழுங்கினேன் என்று அவளுக்கு விளங்கியது. என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். துரைக்கு முன்னால் இவனுக்கு என்ன சங்கடமோ என்று என்னைப் பார்த்து அவள் யோசித்தது எனக்குத் தெரிந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று பகலே அவளைப் பிள்ளைக்காம்பராவிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து கொழுந்து. அதுவும் பன்னிரண்டாம் நம்பர் மலையில். முழங்கால் வீக்கம் என்று மருந்துக்காம்பராத் துண்டுச்சீட்டு கொடுத்து மலையிலிருந்து இறக்கப்பட்டவள் அவள். அந்தத் துண்டும் கோப்பில் இருந்தது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அவளிடம் வளர்ந்த பிள்ளைகள் இரண்டு மூன்று நாள் பிள்ளைக்காம்பரா வாசலில் அழுதுகொண்டு நின்றதாக என் மனைவி சொன்னாள்.

எனக்கு டெர்மினலில் வேலை வந்தது. பிள்ளைக்காம்பரா டெலிபோனை மட்டம் சைபருக்கு இறக்கச் சொன்னார் துரை. அப்படியென்றால் தோட்டத்துக்குள் மட்டும்தான் பேசலாம். தொழில் அலுவலகத்தின் இலக்கத்தை எல்லா டெலிபோனிலும் தடை செய்யச் சொன்னார். செய்தேன். அதோடு யாரும் சொல்லாமலே இன்னொரு வேலையும் செய்தேன். காவல்காரர்களுடையதையும் கங்காணியுடையதையும் மாற்றிப் புது எண் போட்டு, கவரில் ஒட்டிக் கொடுத்தேன். அவர்கள் ஒருவரும் மறக்கவில்லை. இன்றுவரை யாரும் வந்து கேட்கவும் இல்லை.

பத்திநாதன் இரண்டு நாள் கழித்து வந்தார். உட்காரவில்லை.

"ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க ஏன் சொல்லல?" என்றேன்.

தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார். அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நல்ல காரியம் செய்கிற ஆளுக்குத் தன் நம்பரை அழுத்தத் துணிவில்லையா? இப்படி அவரைத் திட்டித் திட்டித்தான் சில நாட்களைத் தள்ளினேன். என்னைத் திட்டுகிற முறை வரும்போது கோப்பைத் திறந்துவைத்துக்கொள்வேன்.

தொழில் அலுவலகமும் அதற்குப் பிறகு வரவில்லை. டிரைவர் லொறி பழுது என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். பேசியவர் பெயரும் இல்லை, சாட்சியும் இல்லை.

மூன்றாம் வாரம், பகல் நிறுவைக்கு முன்னால், ஜீவராணி ஜன்னலுக்கு வந்தாள். தலையில் கொழுந்துக் கூடை. ஒரு காலை ஊன்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலுவலகத்தில் நான் மட்டும்தான்.

"ஐயா, ஒன்னு கேக்கணும்ங்க."

திரும்பப் பிள்ளைக்காம்பராவுக்குப் போகக் கேட்பாள் என்று நினைத்தேன். அதற்கு ஒரு பதிலும் தயாராக இருந்தது. துரையிடம் நேரம் பார்த்துப் பேசுகிறேன் என்பது.

"நான் கோல் எடுத்தேன்னு சொன்னீங்களே ஒரு ஆபீஸு, அதோட நம்பர் என்னங்க? எழுதித் தாங்க."

"எதுக்கு?"

"மேல் ரோட்டுல நின்னா செல்போன் வேல செய்யுதுங்க. மகன்ட போன் இருக்கு. அம்மாக்கண்ணு செத்தன்னைக்கு லொறி நல்லாத்தான் நின்னுச்சு. நான் கண்ணால பாத்தேன். புள்ளைங்களத் தூங்க வச்சிட்டு வாசல்லதான் இருந்தேன். என் பேரச் சொல்லியே பேசுறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எடுக்காத கோலுக்குத்தான் மலைக்கு வந்துட்டேனே. இனி எடுத்தா என்னங்க?"

நான் மேசையிலிருந்த கோப்பைத் திறந்தேன்.

"ஒங்க பேரு வெளிய வராதுங்க," என்றாள். "அந்தப் பயம் ஒங்களுக்கு வேணாம்."

அந்த இலக்கம் எனக்கு மனப்பாடம். பேப்பரில் பார்த்து, தடை செய்யத் தட்டி, சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தரம் சோதித்துப் பார்த்த இலக்கம். எழுதிக் கொடுக்க அரை நிமிடம் ஆகாது.

"அது இப்ப கம்ப்யூட்டர்ல இல்ல. அழிச்சாச்சு," என்றேன்.

அவள் தூக்கியிருந்த காலை மெல்லத் தரையில் ஊன்றினாள். கீழே நிறுவைக்கு நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"சரிங்க தம்பி," என்றாள். கூடையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனாள்.