அம்பு ஒட்டின காது

எனக்குன்னு ஒரு வாய் இருக்குதே, அதுக்குத்தானுங்க மொதல்ல ரிஜக்ட் ஸ்டிக்கர் ஒட்டோணும். என்ற பேரு சாரதாமணி. நெருப்பெரிச்சல்ங்கற ஊர்ல ஒரு பனியன் கம்பெனி, அதுல செக்கிங் டேபிளுக்கு நாந்தான் சூப்பர்வைசர். ஓட்டை, எண்ணெய்க் கறை, கோணத் தையல்னு இருபது வருசமா தப்பையே தேடித் தேடிப் பாத்த கண்ணுங்க இது. தப்பு இருக்கற எடத்துல சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். நான் ஒட்டினா மறுபேச்சு கெடையாது.

கருத்தம்மா என்ற டேபிள்ல வேலை செஞ்ச புள்ள. உசிலம்பட்டிப் பக்கம். புருசன் செத்துப் போனதுக்கப்புறம் பொழப்புக்கு இங்க வந்து எட்டு மாசமாச்சு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா. ஒரு திங்கக்கெழம பாருங்க, எடது காதுல எப்பவும் போடற தோடு, வலது காதுல ஆம்பளைக போடற செவப்புக்கல் கடுக்கன். எனக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு அம்பை உரிச்சு அவ காதோரமா கன்னத்துல ஒட்டி, ஜோடி சேரல, ரிஜக்ட்டுன்னு சொல்லிப் போட்டேன். டேபிளே சிரிச்சுது. அவளும் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ஸ்டிக்கரை மெதுவா எடுத்து டேபிள் ஓரத்துல ஒட்டிட்டு பாத்ரூம் பக்கம் போனா. திரும்பி வந்தப்ப ரெண்டும் வெறுங்காது.

மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல. வெள்ளிக்கெழம அவ பக்கத்து ஊட்டு ராக்கம்மாள் வந்து சொன்னா, கருத்தம்மா சாமான் கட்டறாளாம், ஞாயித்துக்கெழம ஊருக்கே போறாளாம், இனி வரவே மாட்டாளாம். அங்க அவளுக்கு யாரு இருக்கறாங்க? மாமியாரும் வேண்டாம்னு, கூடப் பொறந்தவனும் வேண்டாம்னு தொரத்தி விட்டுத்தானே இங்க வந்தா. ஒரு தமாசு தாங்காதவ போகட்டும்னு வீம்பாச் சொல்லிட்டேன். சொன்னனே தவிர, அன்னைக்குப் பூரா ஒரு பீஸைக்கூட நான் ஒழுங்காப் பாக்கலீங்க.

சனிக்கெழம கம்பெனிக்கு சாமி வந்துச்சு. எங்க மொதலாளி தீனதயாளன் வீட்ல பரம்பரையா தறி நெய்யறவங்க, முருகன்னா உசுரு. கம்பெனி ஆரம்பிச்சு இருபத்தஞ்சு வருசம் ஆச்சுன்னு சாமிமலையில சொல்லி ஐம்பொன்ல ஒரு சிலை செஞ்சிருந்தாரு. சிவன் ஒரு பக்கம், அம்மன் ஒரு பக்கம், நடுவுல கொழந்தை முருகன். செஞ்ச ஸ்தபதி பொன்னுச்சாமியே கொண்டு வந்திருந்தாரு. சாயங்காலம் நாலு மணிக்கு உளியால சாமிக்குக் கண் தெறக்கற சடங்குன்னு பேச்சு. அதுக்குள்ள மொதலாளி என்னையக் கூப்பிட்டு, சாரதாமணி செக் பண்ணாம எந்தச் சரக்கும் இங்க நொழையாதுங்கன்னு ஸ்தபதிகிட்டப் பெருமை அடிச்சுட்டாரு.

விட்டேனா? உச்சியில இருந்து பீடம் வரைக்கும் பாத்தேன். சிவன் கையில மான் துள்ளுது, அதோட குளம்பு தெரியுது. கொழந்தை கால்ல கொலுசு தெரியுது. அம்மன் இடுப்புச் சீலை மடிப்பை எண்ணலாமுங்க. அப்பறம் சிவனோட காதைப் பாத்தேன். வலது காதுல நீளமாத் தொங்கற குழை. எடது காதுல வட்டமா ஒரு தோடு.

ஜோடி சேரலீங்களேன்னு சொல்லிட்டு, கை தன்னால அம்பு ஸ்டிக்கரை உரிச்சிருச்சு. மொதலாளி மூஞ்சி செத்துப் போச்சு.

ஸ்தபதி கோவிக்கல. எல்லாரும் மொகத்தைப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போயிருவாங்க, நீங்கதான் காதைப் பாத்தீங்கன்னு சந்தோசமாச் சொன்னாரு. அந்தக் காது ரெண்டையும் தேன்மெழுகும் குங்கிலியமும் சேத்துத் தனித்தனியாக் கையில புடிச்சாராம். மெழுகுச் சிலை மேல மண்ணைப் பூசிக் காய வெச்சு, சூடு காட்டினா மெழுகு உருகி ஓடிரும். உள்ள இருக்கற வெத்து எடத்துல ஐம்பொன்னை உருக்கி ஊத்தி, ஆறினதும் மண்ணை ஒடைச்சாத்தான் சாமி. அச்சே ஒடைஞ்சு போறதால அதே மாதிரி இன்னொண்ணு வராது. நாங்க ஒரே டிசைன்ல பன்னெண்டாயிரம் பீஸ் அனுப்பறவங்க, எனக்கு அது புதுசா இருந்துச்சு.

"தெரிஞ்சேதாம்மா காதை அப்படிச் செஞ்சேன்," அப்படின்னாரு. "வலது காதுல போட்டிருக்கறது அவரோடது. இடது காதுல போட்டிருக்கறது அம்பாளோடது. அம்பாள் பக்கத்துலயே உக்காந்திருக்கா, அப்பவும் அவ நகை அவர் காதுல இருக்கு. ரெண்டு பேரும் பிரியலேன்னு அர்த்தம்."

எனக்குக் கருத்தம்மா காதுதான் நெனப்புக்கு வந்துச்சுங்க. கையில இருந்த ஸ்டிக்கர் என்ற வெரல்லயே ஒட்டிக்கிச்சு. ஒருத்தர்கிட்டயும் சொல்லாம டிவிஎஸ் ஃபிப்டி வண்டியை எடுத்துட்டு நேரா அவ குடியிருக்கற நல்லூருக்குப் போனேன்.

வரிசையாக் கட்டின லைன் ஊடு ஒண்ணுல கருத்தம்மா பாத்திரத்தைச் சாக்குல போட்டுக் கட்டிட்டு இருந்தா. நான் கீழயே உக்காந்துட்டேன்.

"தப்புப் பண்ணிட்டேன் கண்ணு. அந்தக் கடுக்கன் யாரோடது?"

சாக்கு வாயைக் கட்டி முடிச்சுட்டு அவ சொன்னா.

"அவுகளோடதுக்கா. ஒத்தக் காதுல போட்டுக்கிட்டு மிதப்பாத் திரிவாக. அன்னைக்கு அவுக போயி ஒரு வருசம். என் காதுல கெடக்கட்டும்னு போட்டேன்."

வருசம் திரும்பின நாள்ல அந்தப் புள்ளையச் சபையில வெச்சு ரிஜக்ட் பண்ணியிருக்கறேன் பாருங்க. நான் அழுதேன், அவதான் தண்ணி கொண்டாந்து குடுத்தா. ஊருக்குப் போறதுன்னா போ, போறதுக்கு முன்னால ஒரு தடவை வந்து அந்தச் சாமியைப் பாத்துட்டுப் போன்னு கெஞ்சினேன். புருசன் இல்லாதவ கண் தெறக்கற எடத்துல வந்து நிக்கக் கூடாதுன்னு அவ சொன்னா. அப்படி எவனாச்சும் சொன்னா அவன் மூஞ்சில அம்பு ஒட்டறேன், வண்டியில ஏறுன்னேன்.

சிலைக்கு நேரா, முன்னாலயே கொண்டுபோய் நிறுத்தினேன். ஸ்தபதி தள்ளி நின்னு வழி விட்டாரு. நான் எதுவும் வெளக்கல, சிவனோட காதை மட்டும் கையால காட்டினேன். வலது காதைப் பாத்தா, எடது காதைப் பாத்தா, திரும்ப வலது காதைப் பாத்தா. பாத்துட்டே முந்தானை முடிச்சை அவுத்தா. உள்ள தோடும் கடுக்கனும் ஒண்ணா இருந்துச்சு.

தோட்டை அவளே போட்டுக்கிட்டா. கடுக்கனை என்ற பக்கம் நீட்டினா. அம்பு ஒட்டின அதே வெரல்லதானுங்க திருகு போட்டேன். ரெண்டு தடவை நழுவுச்சு. அவ அசையாம நின்னா. போட்டு முடிச்சதும் மூஞ்சியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டிட்டுக் கேட்டா:

"பாஸாக்கா?"

இருபது வருசத்துல எத்தனை லட்சம் பீஸ் பாஸ் பண்ணியிருப்பேன், எதுக்கும் இப்படி மனசாரத் தலையை ஆட்டினதில்லீங்க. ஞாயித்துக்கெழம அவ ஊருக்குப் போகல. திங்கக்கெழம காத்தால அவ வர்றதுக்கு முன்னாலயே போயி, டேபிள் ஓரத்துல இருந்த அந்தப் பழைய அம்பை நகத்தால சொரண்டி எடுத்துட்டேன்.