அரைக் கட்டை இறங்கிய ஊர்

அன்புராஜ் காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்திருப்பான். மோட்டார் போடுவான். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைப்பான். பல் துலக்குவான். பால் பொங்குவதற்கும் மாடித் தொட்டி நிரம்பி வழிவதற்கும் நடுவே, சுவரில் மாட்டியிருக்கும் கிட்டாரின் மூன்றாவது கம்பி தானாக அரைக் கட்டை இறங்கும். யாரும் தொடுவதில்லை. திருகு தன் பாட்டுக்குப் பின்னோக்கிச் சுற்றும், அவ்வளவுதான். வாயில் பிரஷ்ஷோடு வந்து அதை முறுக்கி வைத்துவிட்டு வாய் கொப்பளிக்கப் போவான். காபி குடிப்பான். பானையில் உலை வைத்துச் சோறு வடிப்பான். குக்கர் பரண்மேல் இருக்கிறது. வில்லியனூரில் அவன் தெருவில் இதை ஒரு செய்தியாக யாரும் பேசுவதில்லை. அவன் வீட்டில் ஒரு கம்பி இறங்குகிறது. ஊரில் எல்லாமே இறங்கியிருக்கிறது.

ஊர் இறங்கத் தொடங்கியது இரண்டாயிரத்துப் பதினாறு, மார்ச் மாதம். அப்போது அன்புராஜுக்கு இருபத்தொன்பது வயது. பொறியியல் படித்துவிட்டு, அதை விட்டுவிட்டு, ‘கோடை இடி’ என்ற ராக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். குழுவின் டிரம்ஸ் கலைவேந்தன். கலைவேந்தனுக்குப் பகலில் மூலக்குளத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை. சனி, ஞாயிறுகளில் புதுச்சேரிக் கடற்கரைப் பக்கத்து ஓட்டல்களில் வாசிப்பார்கள். சாப்பிட வந்தவர்கள் சாப்பிடுவார்கள். அன்புராஜின் மனைவி சுகன்யா பாகூர்ப் பக்கம் குருவிநத்தத்துப் பெண். மாத்திரை செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தாள். இயந்திரத்தின் ஓசை ஒரு நூல் மாறினால் மீட்டர் காட்டும் முன்பே அவள் கை தூக்கிவிடுவாள் என்று அங்கே சொல்வார்கள். சங்கீதம் படித்தவள் இல்லை. காது அப்படி.

மார்ச் ஒன்பதாம் தேதி காலை அவள் சமையலறையில் விழுந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அன்புராஜ் பக்கத்து அறையில் வாசித்துக்கொண்டிருந்தான். அடுத்த வீட்டு ஜெயா குக்கர் விசிலை எண்ணுகிற பழக்கம் உள்ளவள். சுகன்யா மூன்றில் அணைப்பாள். அன்றைக்கு ஒன்பது போயிற்று. ஒன்பதாவதற்கு ஜெயா சுவர் ஏறிக் குதித்து வந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒன்றுதான், எத்தனை மணிக்கு விழுந்தாள் என்று. அன்புராஜால் சொல்ல முடியவில்லை. ஜெயா சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் சாவுக்குப் பேனர் வைக்காமல் இருக்க முடியாது. ஆள் போன மூன்று மணி நேரத்தில் முனையில் பேனர் நிற்காவிட்டால், நாதியற்ற குடும்பம் என்று பேசுவார்கள். பிணவறைக்கு வெளியே அன்புராஜ் நின்றிருந்தபோது கலைவேந்தன் கடையிலிருந்து போன் செய்தான். சுகன்யாவின் படம் ஆதார் அட்டையில் இருந்ததுதான் கைவசம் இருந்தது, பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது, அதனால் அவளைச் சின்ன வட்டத்துக்குள் வைத்துவிட்டு, அன்புராஜ் கிட்டாரோடு நிற்கிற படத்தைப் பெரிதாக வைக்கிறேன் என்றான். அன்புராஜ் சரி என்றான்.

“கீழ ஒரு வரி வேணும்டா. சும்மா வுட்டா காலியா தெரியும். கடைசியா இன்னா சொன்னா?”

அவள் கடைசியாகச் சொன்னது அன்புராஜுக்கு நன்றாக நினைவிருந்தது. பேனரில் போடுகிற மாதிரி இல்லை. பேனரில் போடாவிட்டாலும் வெளியே சொல்கிற மாதிரி இல்லை. ஒரு நொடிகூட யோசிக்காமல், “நிறுத்தாம வாசின்னு சொன்னா,” என்றான். போனின் மறுமுனையில் கலைவேந்தன் அழுதான். மாலை நாலு மணிக்குப் பன்னிரண்டுக்கு எட்டில் பேனர் நின்றது. மறுநாள் காலை மூன்றாவது கம்பி முதல் தடவையாக இறங்கியது. அதே நாளில் ஜெயா வீட்டுச் சேவல் தொண்டை கட்டியதுபோல் கூவியது.

யாரோ அந்தப் பேனரைப் போனில் படம் பிடித்துப் போட்டார்கள். ஒரு வாரத்தில் அது கடலூர், விழுப்புரம், சென்னை எல்லாம் போய்வந்தது. சாகும்போதும் வாசிக்கச் சொன்ன மனைவி, கேட்டு நடக்கும் கணவன். ‘நிறுத்தாம வாசி’ என்று குழு ஒரு பாட்டும் கட்டியது. கல்லூரி விழாக்களில் பாட்டுக்கு முன்னால் அன்புராஜ் மைக்கைப் பிடித்து அந்த இரண்டு சொற்களைச் சொல்லி, அவள் கடைசியாகச் சொன்னது இது என்பான். மூவாயிரம் பேர் போன் விளக்கைத் தூக்கிப் பிடிப்பார்கள். பத்திரிகையில் எழுதினார்கள், விரல் வேகம் உள்ளவர்கள் ஆயிரம் பேர், மார்பில் அடி வாங்கி வாசிக்கிறவன்தான் நின்று பேசப்படுவான் என்று. அதைப் படித்துவிட்டு, இரண்டு பேட்டிகளில் அவனே அப்படிச் சொன்னான்.

அவன் அதைச் சொன்ன ஒவ்வொரு தடவைக்கும் வில்லியனூர் ஒரு நூல் இறங்கியது. முதலில் சின்ன ஓசைகள்: குக்கர், சைக்கிள் மணி, மீன்காரரின் வண்டி ஹாரன். பிறகு விழுப்புரம் பாசஞ்சரின் ஊதல், ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே வரும்போது மட்டும் தாழ்ந்து, போகும்போது நிமிர்ந்தது. பெரிய கோயில் நாதசுரக்காரர் சீவாளியை நறுக்கி நறுக்கிப் பார்த்துக் கைவிட்டார். மாதா கோயில் திருவிழாவில் கொடியேற்றத்துக்கு அடித்த மணியைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் துக்க மணி என்று நினைத்துத் தலையிலிருந்து துண்டை எடுத்தார்கள். கைக்குழந்தைகள் கனமான குரலில் அழுதன. பெற்றவர்களுக்கு விழிப்பு வராமல் அலாரம் வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பேண்டு வாசித்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா கமலக்கண்ணன், அங்கிருந்து கொண்டுவந்த சுருதி முள்ளைத் தட்டிப் பார்த்தார். முள்ளும் இறங்கியிருந்தது. கொம்யூன் பஞ்சாயத்தில் மனு கொடுத்தார்கள். ஏரிக் காற்றின் ஈரப்பதம் என்று குறிப்பு எழுதிக் கோப்பை மூடினார்கள். இறங்கிய ஓசையில் ‘கோடை இடி’யின் பாட்டு இன்னும் கனமாகக் கேட்டது. வேண்டுமென்றே அப்படி வாசிக்கிறார்கள் என்று பாராட்டு வந்தது. அன்புராஜ் மறுக்கவில்லை. காரணம் அவனுக்குத் தெரியும். வீட்டை விட்டு இறங்கினால் தெருவின் ஒவ்வொரு ஓசையும் அவனைத் தனியாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

மூன்று வருடம் இப்படிப் போனது. மூன்றாம் ஆண்டு நினைவுக்கு மகளின் கல்லறையில் கருங்கல் பதிக்க வேண்டும் என்று சுகன்யாவின் அம்மா விஜயராணி முடிவு செய்தாள். நாற்று நட்டும் நூறு நாள் வேலைக்குப் போயும் வளர்த்த ஒரே பெண். பாகூரில் ஆதிமூலம் என்ற கல்தச்சரிடம் சொல்லியிருந்தாள். ஆதிமூலத்தின் பட்டறையில் ஒரு முறை உண்டு. எழுத்தைச் சிவப்புப் பெயிண்டில் கல்மேல் எழுதிவைப்பார். குடும்பத்தில் ஒருவர் வந்து ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்துச் சரி சொன்ன பிறகுதான் உளி வைப்பார். கல்லில் விழுந்த தப்பை அழிக்க முடியாது.

விஜயராணிக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அன்புராஜை வரச் சொன்னாள். கலைவேந்தன் பைக்கில் கொண்டுவந்து விட்டான். காலை பத்து மணி. பட்டறையில் மூன்று பேர் உளி அடித்துக்கொண்டிருந்தார்கள். பாகூரில் ஓசை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கல்மேல் சிலுவை, பெயர், இரண்டு தேதிகள், அதன் கீழே ‘நிறுத்தாம வாசி’ என்ற அந்த இரண்டு சொற்கள்.

“நீங்கதான் படிச்சவரு. படிங்க மாப்ள,” என்றாள் விஜயராணி. முந்தானையால் கல்லின் தூசியைத் துடைத்துவிட்டாள். எம் பொண்ணு சாவும்போதுகூட உங்களத்தான் நெனச்சிருக்கா, அது ஒண்ணுதான் எனக்குத் தெம்பு என்று ஆதிமூலத்திடம் சொன்னாள். ஊரில் எல்லாரிடமும் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்புராஜ் பெயரைப் படித்தான். தேதிகளைப் படித்தான். அடுத்ததைப் படித்தான். படித்து முடித்ததும் மூன்று உளிகளின் ஓசையும் ஒன்றாகக் கீழே இறங்கியது. ஆதிமூலம் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். சுத்தியின் பின்பக்கத்தால் சுகன்யாவின் கல்லைத் தட்டினார். காது வைத்துக் கேட்டார். இன்னொரு தடவை தட்டினார்.

“நேத்து கணீர்னு இருந்துச்சி. உள்ள எங்கியோ வெடிப்பு வுட்டுக்கிச்சி. இந்தக் கல்லு வேணாம்மா.”

“கல்லுல ஒண்ணுமில்ல,” என்றான் அன்புராஜ். “அவ அத சொல்லல.”

விஜயராணிக்குப் புரியவில்லை. தேதி தப்பா என்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். போனில் கேட்டதும் தானே கட்டிச் சொன்னதையும், அன்றைக்குக் காலை அவள் அடுப்படியிலிருந்து உண்மையில் சொன்னதையும், தனக்கு எரிச்சல் வந்ததையும், பதில் சொல்லாமல் ஆம்ப்ளிபையரின் சத்தத்தைக் கூட்டிவைத்ததையும் சொன்னான். கலைவேந்தன் பைக் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான். விஜயராணி கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

“எத்தினி விசிலு?”

“ஒம்பது.”

“நீ எத்தினி கேட்ட?”

“ஒண்ணுகூட கேக்கல.”

அதுவரை அவள் அவனை நீ என்று சொன்னதில்லை. அதற்குப் பிறகு மாப்ள என்று சொன்னதுமில்லை. அவள் எழுந்து, மண்ணெண்ணெய்த் துணியை ஆதிமூலத்திடமிருந்து வாங்கி, கீழ் வரியைத் தானே அழித்தாள். எழுத்துத் தெரியாததால் தேதியில் பாதியும் சேர்ந்து அழிந்தது. பிறகு, மகள் உண்மையில் சொன்னதை எழுதச் சொன்னாள். ஆதிமூலம் தயங்கினார். கல்லறையில் போடுகிற வார்த்தையா அது என்றார். எம் பொண்ணு வாயால வந்தது அதுதானே என்றாள் விஜயராணி.

அந்த வாரம் சனிக்கிழமை விழுப்புரத்தில் ஒரு கல்லூரி மேடையில் அன்புராஜ் மைக்கைப் பிடித்து, பட்டறையில் சொன்னதை அப்படியே சொன்னான். விளக்கைத் தூக்கியவர்கள் இறக்கினார்கள். பின்வரிசையில் ஒருவன் விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். அடுத்தவன் அடித்தான். ஒன்பது எண்ணி நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அன்புராஜ் ஒன்பதும் முடிகிறவரை நின்றான். பிறகு மூன்றாவது கம்பியைத் தட்டிப் பார்த்தான். இறங்கியிருந்தது. அவசரப்படாமல் முறுக்கி, காதை வைத்துச் சரிபார்த்து, அதன் பிறகு வாசித்தான். கேட்க நாற்பது பேர் இருந்தார்கள்.

அதோடு கூப்பிடுவது நின்றது. ‘ஒம்போது விசிலு’ என்பது அவன் பெயரானது. குழுவில் கலைவேந்தன் மட்டும் மிஞ்சினான். எனக்கு வேற எவன்டா தாளம் தப்பா போட்டா சொல்லுவான் என்றான். பேனரை ஜெயா கழற்றி ஆட்டுக் கொட்டகைக்குப் போட்டாள். மழைக்கு ஒழுகவில்லை. அன்புராஜ் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலைக்குப் போனான். எங்கே கூப்பிட்டாலும் போய் வாசித்தான்: காதுகுத்து, மாதா கோயில் கெபிக் குகை வாசல், வில்லியனூர்ச் சந்தைத் திடல். எல்லா இடத்திலும் ஒன்பது விசில் வந்தது. எல்லா இடத்திலும் நின்று, கேட்டு, கம்பியை முறுக்கிவிட்டுத்தான் தொடங்கினான். மூன்று, நான்கு வருடத்தில் விசிலில் சிரிப்பு குறைந்தது. எந்த நாளில் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது கூட்டம் ஒன்பது விசிலையும் நிதானமாக, இடைவெளி விட்டு அடித்துவிட்டு, அவன் முறுக்கி முடிக்கிறவரை வாயைத் திறப்பதில்லை. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெரிய கிட்டார்க்காரர்கள் வருகிறார்கள். அவன் வாசிப்பதைவிட, அவன் கம்பியைச் சரிசெய்வதைக் கேட்கத்தான் வருகிறோம் என்று கலைவேந்தனிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அன்புராஜிடம் சொன்னால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

உண்மையைச் சொன்ன நாளோடு வில்லியனூர் இறங்குவது நின்றது. இறங்கியது ஏறவில்லை. அரைக் கட்டையில் நிற்கிறது. நாதசுரக்காரர் அந்தச் சுருதிக்கே புது ஒத்து வாங்கிவிட்டார். கல்யாண மண்டபத்துக்கு வெளியூர்க் கச்சேரி வந்தால், இங்கே அரைக் கட்டை கூட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று தண்ணீர் எங்கே வருகிறது, கரண்ட் எப்போது போகும் என்பதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். காலை ஆறு மணிக்கு விஜயராணி குருவிநத்தத்திலிருந்து போன் செய்வாள். “முறுக்கிட்டியா?” என்பாள். முறுக்கிவிட்டேன் என்பான். வைத்துவிடுவாள்.

கல் குருவிநத்தத்தில், ஆற்றை ஒட்டிய கல்லறையில் இருக்கிறது. சிலுவை, பெயர், இரண்டு தேதிகள். ஆடு மேய்க்கிறவர்கள் கீழ் வரியைப் படித்துவிட்டு, வேதத்தில் எந்த அதிகாரம் என்று கேட்பார்கள். ஆதிமூலம் ஆழமாகத்தான் வெட்டியிருக்கிறார். அது அன்று காலை எட்டேகாலுக்கு, இரண்டாவது விசிலுக்கு முன்னால், அவள் அடுப்படியிலிருந்து சொன்னது:

“அன்பு, மூணாவது கம்பி எறங்கியிருக்கு. கொஞ்சம் நிறுத்திட்டுப் பாரு.”